ஆடி மாதத்து வாரண்டி

கியர் பூட்டிக்கொண்டது. வாரண்டி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

உட்காருங்கள் தம்பி. வண்டியைப் பிறகு பார்க்கலாம், எங்கேயும் ஓடிப்போகாது. கரூரிலிருந்தா வருகிறீர்கள்? சரி. விளம்பரம் நான் கொடுத்ததுதான். விற்கிறேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பழைய வண்டி வாங்க வருகிறவன் விலையைக் கேட்கிறான், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கிறான். என்ன நடந்தது என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டுப் போங்கள்.

திருச்செங்கோட்டில் ரிக் நாச்சிமுத்து என்றால் யாரும் சொல்வார்கள். ரிக் என்றால் போர் போடுகிற வண்டி. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான், போகாத ஊர் இல்லை. பூமியைத் துளைத்தே சாப்பிட்டவன். பாதி ஆயுள் லாரி கேபினில் போனது. ஒரு நாள் நாக்பூர் ரோட்டில் பஞ்சரான டயரைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் கலரில் ஒரு கார் வந்தது. என் இடுப்பு உயரம்கூட இல்லை. ஒரு உறுமல். போய்விட்டது. புழுதிதான் எனக்கு மிச்சம். அன்றைக்கு நினைத்தேன், இதில் ஒன்று வாங்கவேண்டும் என்று.

ஏன் என்று கேட்காதீர்கள். லோகு கேட்டான், அவனுக்கும் பதில் சொல்லவில்லை.

லோகு என் மகன். ரிக்குகளை எல்லாம் இப்போது அவன்தான் பார்க்கிறான். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹைதராபாத்தில் இருக்கிறான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்தான்.

“டிரைவர் வெச்சுக்கலாங்கப்பா. நீங்க பின்னாடி உக்காந்து ராஜா மாதிரி போங்க.”

பின் சீட்டில் உட்காருகிறவன் ராஜா இல்லை தம்பி. மூட்டை. ஏற்றுகிற இடத்தில் ஏற்றி, இறக்குகிற இடத்தில் இறக்குவார்கள். கோயில், ஆஸ்பத்திரி. அதற்குமேல் அந்த வண்டி எங்கேயும் போகாது.

அதனால் யாருக்கும் சொல்லாமல் பெங்களூர் போய் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், என் வாயில் சரியாக நுழையாது. பழைய வண்டிதான். ஆனால் பார்த்தால் சொல்ல முடியாது. லோகு வந்தான், பார்த்தான், சுற்றி வந்தான்.

“வாங்கினது வாங்கிட்டீங்க. ஆனா இது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ரோட்ல நின்னுச்சுன்னா சாவி எங்கிட்ட வந்திரணும். இந்தச் சாவி மட்டுமில்ல, எல்லாச் சாவியும். அப்புறம் டிரைவர்தான்.”

“சரி” என்றேன்.

வாரண்டி இருக்கிற தைரியம். இரண்டு வருஷம். அந்தக் கடைப் பையன் அப்படித்தான் சொன்னான். கண்ணாடி மேஜை, கண்ணாடிச் சுவர், அவன் சட்டையும் கண்ணாடி மாதிரிதான் மின்னியது. இன்ஜினுக்கு உண்டா என்றேன். உண்டு சார். கியர்பாக்ஸுக்கு? உண்டு சார். கரண்ட் வேலைக்கு? எல்லாத்துக்கும் உண்டு சார். நான் எழுந்து லிப்ட் வரைக்கும் வந்தபிறகு, பின்னாலேயே வந்து சொன்னான்.

“ஒரே ஒரு சின்ன வேலை சார். முப்பது நாளைக்குள்ள வாரண்டிக் கம்பெனி ஆளு உங்க வீட்டுக்கு வந்து வண்டிய செக் பண்ணுவாரு. அது முடிஞ்சாத்தான் வாரண்டி ஸ்டார்ட் ஆகும்.”

லிப்ட் கதவு மூடிக்கொண்டது.

காகிதத்தைப் படித்தீர்களா என்று கேட்பீர்கள். படிக்கவில்லை. தொழிலில் நானும் காகிதம் வைத்திருந்தவன்தான். ரிக்கை நிறுத்துமுன் தோட்டத்துச் சொந்தக்காரனிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கணக்குக்குப் பணம். எவனும் அதைப் படித்ததில்லை. வெறும் புழுதியாக வந்தபிறகு வந்து அழுவான். கையெழுத்துப் போட்டிருக்கிறாயே அப்பா என்பேன். அது நியாயம். பூமிக்குள் இருப்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? ஆனால் இவர்கள் செய்தது அப்படி இல்லை. இவர்கள் எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள். இது மோசடி.

ஆனி கடைசியில் வண்டி வந்தது. லாரி மேல் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆடி பிறக்குமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வந்ததும் ரிக் ஷெட்டில் ஓரமாக நிறுத்தி, தார்ப்பாய் போட்டு, லாரி முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூஜை. அதுவரை யாரும் தொடக்கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆடியில் புது ரிக்கை எடுத்து முதல் போர் போட்டவனும் இல்லை நான். நம்பிக்கை வேறு, வழக்கம் வேறு.

தார்ப்பாய் போடுமுன் எங்கள் வீட்டில் வந்து பார்த்தாள். மனைவியைச் சொல்கிறேன். ஒரு சுற்றுச் சுற்றினாள். கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தாள்.

“ரெண்டு பேருதான் உக்கார முடியுங்களா?”

“ஆமா.”

“சரி” என்று உள்ளே போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தமோ. அவளுக்கு வண்டி பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்து நாலு நாளில் வாரண்டிக் கம்பெனிக்காரி போன் செய்தாள். மும்பையிலிருந்து. எனக்கு இந்தி நன்றாக வரும், ரிக் ஓட்டியவன். ஆள் அனுப்பட்டுமா என்றாள். ஆடியில் கூடாது, ஆவணியில் அனுப்பு என்றேன். ஆடி என்றால் என்ன என்றாள். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? அதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். இன்னொரு நம்பர் இருந்தால் கொடுங்கள் என்றாள். வீட்டு லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்தேன். தொல்லை விட்டது.

இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது எங்கள் வீட்டில் கேட்டாள். “ஏனுங்க, வண்டி வாங்கின எடத்துல இருந்து போன் வந்துச்சுங்களா?”

“உனக்கெதுக்கு அது?”

அதற்குமேல் கேட்கவில்லை. ரசம் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

ஆடிப்பதினெட்டுக்கு பவானி கூடுதுறைக்குப் போனோம். என் தங்கை குடும்பம், நான். எங்கள் வீட்டில் வரவில்லை. தலை வலிக்கிறது என்றாள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றுக்கு வராத பொம்பளையை நான் பார்த்ததில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே ஒரு விஷயம் நடந்தது. நான் ஏமாறுகிறவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். குளித்துவிட்டுப் படியேறுகிறேன், ஈர வேட்டி. போன் அடிக்கிறது. எடுத்தால் ஒரு பையன். “சார், வண்டி விசயமா கூப்பிடறேன், உங்க போனுக்கு ஓடிபி ஒண்ணு வந்திருக்கும், அதக் கொஞ்சம்...” அவ்வளவுதான் சொல்ல விட்டேன். ஓடிபி கேட்கிறவன் யார்? திருடன். பேப்பரில் தினமும் போடுகிறார்கள். படித்துறையில் நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினேன். அவன் அப்பனை, பாட்டனை, அவனுக்குப் போன் வாங்கிக் கொடுத்தவனை. வைத்துவிட்டான். தங்கையின் பேரப்பிள்ளைகளிடம் சொன்னேன், பாத்துக்குங்கடா, இப்படித்தான் இருக்கணும் என்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷெட்டைப் பார்த்தால் தார்ப்பாய் முடிச்சு மாறியிருந்தது. நான் போட்டது லாரி முடிச்சு. இருந்தது தூளி கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சு. வாட்ச்மேனைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தேன். தொடவே இல்லீங்க ஐயா என்று சத்தியம் செய்தான். அவன் புளுகன். அவிழ்த்து, என் முடிச்சைப் போட்டேன். எங்கள் வீட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி போய்விட்டது போல.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி வண்டியை எடுத்தேன். சங்ககிரி ரோட்டில் ஒரு ஓட்டம். அதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் விலையை ஏற்றிக் கேட்பீர்கள்.

ஒரே தொல்லை, இறங்குவது. வண்டி தரையை ஒட்டிக் கிடக்கிறது. உட்காருவது விழுவது மாதிரி, எப்படியோ விழுந்துவிடலாம். எழுந்திருக்கத்தான் முடியாது. ஆபரேஷன் செய்த முழங்கால் அவ்வளவு மடங்கி நிமிராது. ஒரு வழி கண்டுபிடித்தேன். கதவைத் திறந்து, பக்கவாட்டில் சரிந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நாலு காலில் வெளியே வந்து, சக்கரத்தைப் பிடித்து எழுவது. ஷெட் கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்வேன். வெளியூரில் எங்கேயும் இறங்கமாட்டேன். போவேன், வருவேன். யாராவது டீ சாப்பிடலாம் என்றால் வேண்டாம் என்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மலைக்குப் புறப்பட்டேன். பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமி எங்கள் ஊர்ச் சாமி. வண்டியை அவருக்குக் காட்டவேண்டும்.

“நானும் வரட்டுங்களா?” என்றாள் எங்கள் வீட்டில்.

“அந்தப் பள்ளத்துல சீலையோட எப்படி உக்காருவ? அடுத்த தடவை பாக்கலாம்.”

பக்கத்து சீட்டில் தேங்காய் பழக் கூடையை வைத்துக்கொண்டு போனேன்.

மலைப்பாதையில் பாதி தூரம். ஒரு வளைவு. டக்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. திரையில் இங்கிலீஷில் எழுத்து வருகிறது, வண்டியைப் பத்திரமாக நிறுத்தவும் என்று. நின்றுபோன வண்டியை நான் என்னத்தை நிறுத்துவது?

பின்னால் பஸ். அதற்குப் பின்னால் இன்னும் என்னென்னவோ. கண்டக்டர் இறங்கி வந்தான்.

“ஏனுங்க பெரியவரே, எறங்குங்க, ஆளுக்கொரு கை போட்டுத் தள்ளிரலாம்.”

“தள்ள முடியாது. கியர் பூட்டிக்கிச்சு.”

“அப்ப நீங்களாச்சும் எறங்குங்க. வெயில்ல எதுக்கு உள்ள உக்காந்துக்கிட்டு?”

“மாட்டேன்.”

எப்படி இறங்குவது? அத்தனை பேர் முன்னால் நாலு காலில் தவழ்ந்தா? உட்கார்ந்திருந்தேன். மலையேறுகிற ஜனம் முழுக்கச் சுற்றி நின்றது. பாதிப்பேர் வண்டியோடு போட்டோ எடுத்தார்கள். ஒரு காலேஜ் பெண் முன்கண்ணாடியைத் தட்டி, “தாத்தா, கொஞ்சம் தலையக் குனிஞ்சுக்கறீங்களா? போட்டோல விழறீங்க” என்றது. குனிந்துகொண்டேன். வேறென்ன செய்ய. ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், பெரியவர் உள்ளே சிக்கிக்கிட்டார் போல, பாவம் என்று. கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஏசியும் நின்றுவிட்டது. கூடையில் இருந்த பூ வாடிய வாசம். வேர்வை கண்ணில் இறங்குகிறது. அப்படியே வாரண்டி நம்பருக்குப் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, வண்டி நின்றிருந்தால் நாலை அழுத்து. அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

“வணக்கம் மிஸ்டர் நாச்சிமுத்து. உங்கள் வாரண்டி நடைமுறையில் இல்லை சார்.”

“ஏன்?”

“வண்டிப் பரிசோதனை முழுமை அடையவில்லை சார்.”

“ஆவணியில வான்னு சொன்னேன். வரவே இல்லியே.”

“முப்பது நாள் முடிந்துவிட்டது சார். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா சார்?”

என்னை இதற்குள்ளிருந்து வெளியே எடுத்துவிடு என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை.

கடைசியில் மாரப்பனைக் கூப்பிட்டேன். என்னிடம் ரிக் ஓட்டியவன், இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். வந்தான். கூட்டத்தைப் போகச் சொன்னான். என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி வெளியே வைத்தான். மூட்டையைத் தூக்குகிற மாதிரிதான். வண்டியையும் ஏற்றினான். லோகுவுக்குச் சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றேன். நான் எதுக்குங்க சொல்றேன் என்றான்.

கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து பார்த்தான். கியர்பாக்ஸை மாற்றவேண்டுமாம். அந்த விலைக்கு நல்ல பழைய லாரி ஒன்று வாங்கலாம். அவ்வளவு பணம் என் கையில் இல்லை, லோகுவிடம்தான் கேட்கவேண்டும். கேட்டால் சாவி. சாவி போனால் பின் சீட். வாரண்டிக்காரன் ஒரு பக்கம் கதவைச் சாத்துகிறான், பெற்ற மகன் ஒரு பக்கம். நடுவில் நான். விளம்பரம் கொடுத்தது அப்போதுதான். வண்டி நின்றுகிடக்கிறது என்றதும் ஒருவனும் வரவில்லை. நீங்கள் பழைய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இப்போது வந்திருக்கிறீர்கள்.

இதில் ஆயுத பூஜை வேறு நெருங்குகிறது. எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜை என்றால் ஊரே வரும். ரிக், லாரி, ஜீப், எல்லாவற்றையும் கழுவி வரிசையாக நிறுத்தி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒவ்வொன்றாக ஏற்றி நகர்த்துவோம். நின்றுபோன வண்டிக்குப் பூஜை போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. லோகு ஹைதராபாத்திலிருந்து கட்டாயம் வருவான். வரிசையில் அந்த வண்டி நகராமல் நின்றால் அவன் ஒன்றும் பேசமாட்டான். கையை மட்டும் நீட்டுவான்.

தினமும் சாயங்காலம் ஷெட்டில் வண்டிக்குள் உட்கார்ந்து வாரண்டிக்காரர்களுக்குப் போன் செய்வேன். வீட்டில் யாருக்கும் கேட்கக்கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் சத்தம் வெளியே போகாது, அந்த ஒன்றில் நல்ல வண்டி. தினமும் ஒரு புதுப் பெண். தினமும் முதலிலிருந்து சொல்லவேண்டும். திட்டியும் பார்த்தேன். வருந்துகிறோம் சார் என்பார்கள். வருந்தி எனக்கென்ன ஆகப்போகிறது? எங்கள் வீட்டில் ஏதாவது தெரியுமா என்றால், சொல்லவில்லை. இதெல்லாம் பொம்பளைகளுக்கு என்ன தெரியும்? வண்டி சர்வீஸுக்கு நிற்கிறது என்றேன். சரிங்க என்றாள்.

ஒரு நாள் பேசி முடித்துவிட்டுக் கதவைத் திறந்து சரிந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. வெளியேயும் வர முடியவில்லை, உள்ளேயும் போக முடியவில்லை. ஒரு கை தரையில், ஒரு கால் உள்ளே. எப்படியோ திரும்பி சீட்டில் விழுந்தேன். வாட்ச்மேனைக் கூப்பிடலாம், ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இன்னொரு தடவை போன் போட்டேன், ஸ்பீக்கரில். வண்டிக் கதவு திறந்தே கிடந்தது.

எங்கள் வீட்டில் காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வெச்சுட்டுப் போ” என்றேன்.

போகவில்லை. போனில் அந்தப் பெண் சொல்கிறாள், பரிசோதனை முழுமை அடையவில்லை சார்.

“அதான் அந்தத் தம்பி வந்து பாத்துட்டுப் போச்சுங்களே” என்றாள் எங்கள் வீட்டில்.

“எந்தத் தம்பி?”

“அருள்தாசு. சேலத்துத் தம்பி. வண்டியப் பாக்க வந்துச்சே, ஆடிப்பதினெட்டுக்கு.”

போனை அணைத்தேன்.

“யாரு வரச் சொன்னது?”

“நாந்தானுங்க. வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டாங்க. முப்பது நாளு தாண்டினா ஆகாதுன்னாங்க. நீங்க ஆவணிதான்னு நின்னீங்க. அதான் பதினெட்டாம் பெருக்கன்னைக்கு வரச் சொன்னேன்.”

“ஆடியில எம் வண்டியத் தொட விட்டியா நீ?”

“ஆடிப்பதினெட்டுக்குத் தாலிக்கயிறே மாத்திக் கட்டிக்கறோமுங்க. அதவிடப் பெருசுங்களா வண்டி?”

நான் ஸ்டியரிங்கில் இருந்த தூசியைத் துடைத்தேன்.

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதானுங்க.”

“அப்புறம் ஏன் முடியலங்கறான்?”

“நீங்கதான் போன்ல அந்தத் தம்பிய அந்தக் கேள்வி கேட்டீங்களே. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். புள்ளைக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. தேங்காச்சோறு போட்டு, தண்ணி குடுத்து அனுப்பினேன். ஆபீஸ்ல பேசி முடிச்சுக்கறேம்மான்னுச்சு. முடிஞ்சுதுன்னு இருந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“மலையில வண்டி நின்னதையே மாரப்பன் பொண்டாட்டி சொல்லித்தானுங்க எனக்குத் தெரியும். சர்வீஸுன்னீங்க. சரி, வாரண்டி பாத்துக்கும்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்.”

காப்பித் தம்ளரை வண்டிமேல் வைத்தாள். சாதாரணமாக இருந்தால் பெயின்ட் போகும் என்று கத்தியிருப்பேன். இடுப்பிலிருந்து அவள் போனை எடுத்தாள். அந்தப் பையன் நம்பர் அவளிடம் இருக்கிறது.

“கண்ணு, அருளு, நாந்தான் திருச்செங்கோட்டு அம்மா. வீட்ல எப்படி இருக்கா? பொறந்துருச்சா? பையனா? சந்தோசம் சாமி. எடை எவ்வளவு? பால் குடிக்கறானா? நான் சொன்னனே பூண்டு, அதக் குடுத்தியா?”

நான் அந்தப் பள்ளத்தில் கிடக்கிறேன் தம்பி. கியர்பாக்ஸ் போய்க்கிடக்கிறது. ஆயுத பூஜை வருகிறது. இவள் பூண்டு விசாரிக்கிறாள். மஞ்சக்காமாலை பார்த்தார்களா என்று கேட்டாள். பெயர் வைத்தாகிவிட்டதா என்று கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வண்டிக்கு வந்தாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பையன் மெதுவாகத்தான் பேசினான், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்திருக்கும்.

“அம்மா, வண்டி முழுக்க செக் பண்ணி போட்டோவெல்லாம் ஏத்திட்டேம்மா. ஓடிபி போட்டாத்தான் முடியும். சார் திட்டினதுல, கஸ்டமர் மறுத்துட்டார்னு போட்டுட்டு வந்துட்டேன். நான் நாளைக்கே ஆபீஸ்ல பேசறேன். ஆனா சார்கிட்ட அவங்க ஒரு கேள்வி கேப்பாங்க. அதுக்கு மட்டும் சார் பதில் சொல்லணும்.”

“சொல்லுவாரு” என்றாள்.

பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பு. வெளியே வந்துவிட்டேன். அவளுக்கு அவ்வளவு பலம் இருப்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் கம்பெனி அதிகாரி கூப்பிட்டான். தமிழ்க்காரன்தான். ஷெட்டில் நிற்கிறேன். எங்கள் வீட்டில் சற்றுத் தள்ளி நின்று வெள்ளிச் சாமான் துலக்கிக்கொண்டிருக்கிறாள், பூஜைக்கு.

“சார், இந்தப் பேச்சு பதிவாகுது. ஆடிப்பதினெட்டு அன்னைக்கு செக்கிங் நடக்கும்போது உங்க சார்பா வண்டிகூட இருந்தது யாரு?”

“எங்க வீட்ல.”

“வீட்ல யாரு சார்?”

“வீட்லன்னா வீட்ல. வீட்டுக்காரி.”

“பேரு சொல்லுங்க சார்.”

இந்தா என்பேன். ஏ புள்ள என்பேன். மற்றவர்களிடம் எங்கள் வீட்டில் என்பேன். லோகு அம்மா என்பேன். ரேஷன் கார்டில் இருக்கிறது பெயர், கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. என் வாயால் சொன்னதில்லை. யாரும் சொல்லச் சொல்லிக் கேட்டதும் இல்லை.

“ரெக்கார்டுல இருக்கு, பாத்துக்குங்க.”

“கஸ்டமர் வாயால சொல்லணும் சார். இல்லேன்னா வாரண்டியத் திறக்க முடியாது.”

சொன்னேன்.

“கேக்கல சார். கொஞ்சம் சத்தமா.”

சத்தமாகச் சொன்னேன். தகர ஷெட், உங்களுக்குத் தெரியுமே. எதிரொலித்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். அவள் துலக்குவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. துலக்கிய குத்துவிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

“தேங்க்யூ சார். இப்ப ஓடிபி வரும்.”

வந்தது. ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன்.

அவ்வளவுதான். வாரண்டி திறந்துகொண்டது. கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய்ப் புதுக் கியர்பாக்ஸ் போட்டார்கள். பூஜைக்கு முந்தின நாள் வண்டி வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் தினமும் விடாமல் போன் செய்து நெருக்கியதால்தான் அவர்கள் இறங்கிவந்தார்கள். அதை யாரும் சொல்வதில்லை. அவள் பேசியது ஒரே ஒரு போன். அதிலும் முக்கால்வாசி குழந்தை விஷயம்.

ஆயுத பூஜையன்று லோகு வந்தான். ரிக்குகள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கின. என் முறை வந்தது. நான் உள்ளே விழுந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருப்புமுன் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. பட்டுச் சீலையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

லோகு குனிந்து பார்த்தான். “அம்மா, நீயா? எறங்கும்மா, நான் உக்காந்து பாக்கறேன், அப்பா எப்படி ஓட்டறாருன்னு.”

“ரெண்டு பேருதாங் கண்ணு உக்கார முடியும். நீ லாரில வா.”

போனோம். சங்ககிரி ரோடு வரைக்கும் போய்த் திரும்பினோம். அவள் பேசவே இல்லை. ஒரு இடத்தில் மட்டும், “இன்னுங் கொஞ்சம் வேகமாப் போகாதுங்களா?” என்றாள். திரும்பி வந்து நின்றதும் அவள் சட்டென்று எழுந்து இறங்கிவிட்டாள். தரையில் உட்கார்ந்து எழுந்தே பழகியவள், அவளுக்கு அந்தப் பள்ளம் ஒரு பள்ளமே இல்லை. சுற்றி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். லோகு பார்த்துக்கொண்டிருந்தான். சாவியைக் கேட்கவில்லை.

இப்போது உங்கள் விஷயம். வண்டி நன்றாக இருக்கிறது. வாரண்டி இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருக்கிறது, வாங்குகிறவர் பெயருக்கு மாற்றலாமாம். விலை நான் சொல்லமாட்டேன். விற்பதா வேண்டாமா என்பதையும் நான் சொல்வதற்கில்லை. போன வாரம் ஒருத்தர் ஈரோட்டிலிருந்து வந்தார், அவளிடம் அனுப்பினேன். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். சமையற்கட்டில் இருப்பாள். வாசலில் நின்று அம்மா என்றால் காதில் விழாது, குக்கர் சத்தம். நான் இந்தா என்று கூப்பிட்டாலும் இப்போதெல்லாம் திரும்புவதில்லை. அந்த போனுக்குப் பிறகு அப்படித்தான். பெயர் சொன்னால்தான் வருகிறாள். இருங்கள், நானே கூப்பிடுகிறேன்.

மயிலாத்தா.